குயில் என்று எழுதும் முன்: புதிதாக எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

நன்றாகப் பாடும் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'குயில்' என்று எழுதிவிடும். ஆண்டுவிழா வரவேற்புரை, பாட்டுப்போட்டி அறிமுகம், இரங்கல் செய்தி என்று அந்தச் சொல் வராத இடமே இல்லை. அதனால் அது தேய்ந்துபோன சொல், தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. தேய்ந்திருப்பது 'இனிய குரல்' என்கிற ஒரு பக்கம் மட்டும்தான். தமிழில் குயில் கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் எட்டுகிற பறவை. யாரையோ வரச்சொல்லிக் கூப்பிடுகிற பறவை. வேனில் வந்துவிட்டதென்று சொல்லும் பறவை. வேறொருவர் வீட்டில் வளர்ந்த பறவையும் அதுதான். இதில் எது உங்கள் வாக்கியத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் சொல்லுக்கு உயிர் வந்துவிடும்.

கதை, கவிதை, செய்தி, மேடைப்பேச்சு என்று எதை எழுதத் தொடங்குகிறவரானாலும் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலில் பறவையைக் கேளுங்கள்

உருவகத்துக்குப் போகும் முன் உண்மையான குயிலிடம் போக வேண்டும். ஆண்குயில் பளபளக்கும் கறுப்பு. வெளிறிய பச்சை அலகு, சிவந்த கண். பெண்குயில் பழுப்பு நிறம், உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். கண் இதற்கும் சிவப்புதான். பெண்குயிலை நேரில் பார்க்கிற பலர் அது குயில் என்றே நம்பமாட்டார்கள்.

நாம் 'குக்கூ' என்று எழுதுகிற அந்த நீண்ட கூவல் ஆணுடையது. பெண்ணின் ஒலி 'கிக்-கிக்-கிக்' என்று வெட்டி வெட்டி விழும். ஆணின் கூவலைக் கவனித்துக் கேட்டால் ஒரு ஒழுங்கு தெரியும். முதல் கூவல் தாழ்ந்த சுருதியில், அவசரமில்லாமல் வரும். அடுத்தது சற்று மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. இப்படி ஒவ்வொன்றாக ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற உயரத்தில் சட்டென்று நின்றுவிடும். பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கும். விடியும் முன்பே கேட்கும், சில நாள் நடு இரவிலும் கேட்கும். மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் இலைதான் தெரியும். அடர்ந்த கிளைகளுக்குள் உட்கார்ந்து கூவுவது அதன் வழக்கம்.

இந்த ஏற்றத்தை ஒருமுறை காதில் வாங்கியவர் 'குயில் போல் இனிமையாக' என்று எழுதிவிட்டு நிறுத்தமாட்டார். அது கொஞ்சும் ஒலி இல்லை. வற்புறுத்திக் கேட்கிற ஒலி. இனிமை இருக்கிறது, கூடவே ஒரு பிடிவாதமும் இருக்கிறது.

குயிலின் சொந்தக் கதையில் எழுதுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. பறவையியலில் 'பாடும் பறவைகள்' என்பது குரலுறுப்பின் அமைப்பைப் பார்த்து வகுத்த ஒரு பிரிவு. அந்தக் கணக்கில் காகம் பாடும் பறவை, குயில் அந்தப் பிரிவிலேயே இல்லை! பாடும் பறவைகளின் குஞ்சுகள் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. குயிலுக்கு அந்தப் பாடம் தேவையில்லை. காக்கைக் கூட்டில் பொரிந்து, கரைதலை மட்டுமே கேட்டு வளர்ந்தாலும் பருவம் வந்ததும் கூவத் தொடங்கிவிடுகிறது. வளர்ந்த இடத்தால் மாற்ற முடியாத ஒரு குரல் அதற்குள் இருக்கிறது. இந்தச் செய்தியை வைத்து எழுதப்பட வேண்டியவை தமிழில் இன்னும் நிறைய மிச்சமிருக்கின்றன.

அகராதியை ஒருமுறை புரட்டுங்கள்

இரண்டு அகராதி போதும். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பழைய வழக்குக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். பழைய நூல்களைப் படிக்கத் தொடங்கும்போது இரண்டாவது கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே 'குயில்' பெயர் மட்டுமில்லை, வினையும்கூட. குயிலுதல் என்றால் கூவுதல், ஒலித்தல். சிலப்பதிகாரத்தில் வரும் 'குயிலுவ மாக்கள்' இசைக்கருவி வாசிக்கிறவர்கள். 'மணி குயிற்றிய' என்று வந்தால் மணி பதித்த என்று பொருள், பறவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் குயிலைத் தேடிக் களைத்துப்போவார்கள்.

கோகிலம், பிகம், பரபிருதம் ஆகியவை வடமொழியிலிருந்து வந்து தமிழில் குயிலைக் குறித்த சொற்கள். கோகிலா என்ற பெயர் அந்த வழியில் வந்தது. பரபிருதம் என்றால் பிறரால் வளர்க்கப்பட்டது. இன்றைய உரைநடையில் இவை தேவைப்படாது, பழம்பாடல் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் சரி.

எந்தக் குணம் வேலை செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. இதற்கு நேரம் கொடுங்கள்.

குரல் என்ற குணத்தை எல்லோரும் அறிவோம். ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது. சரோஜினி நாயுடுவைக் 'கவிக்குயில்' என்கிறோம். அவர் பாடகி அல்ல, ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். அங்கே குயிலின் கூவல் கவிதையைக் குறிக்கிறது. பாரதிதாசன் தம் இதழுக்குக் 'குயில்' என்று பெயர் வைத்ததும் இந்த வழிதான். லதா மங்கேஷ்கரை 'இசைக்குயில்' என்னும்போதோ நேரடியாகத் தொண்டையைச் சொல்கிறோம். பாடகி சித்ராவுக்குச் 'சின்னக்குயில்' என்ற பட்டம் 1985-இல் வந்த 'பூவே பூச்சூடவா' படத்தில் அவர் பாடிய பாட்டின் முதல் சொல்லிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, முன்னால் நிற்கும் அடைதான் எந்தக் குரல் என்று சொல்கிறது. அடையில்லாமல் வெறும் குயில் என்று விட்டால் வாசகர் பாட்டு என்றே எடுத்துக்கொள்வார். எழுத்தாளரைப் பற்றி எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

அடுத்தது அழைப்பு. நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில் ஆண்டாள் குயிலிடம் பேசுகிறாள். தன் தலைவன் வரும்படி கூவச் சொல்லிக் கேட்கிறாள். மாணிக்கவாசகரின் குயிற்பத்தும் அப்படியே, இறைவன் வரக் கூவு என்று குயிலை வேண்டுகிறது. இரண்டு இடத்திலும் குயில் பாடகி அல்ல, தூது. கேட்பவரின் ஆசையைத் தன் குரலில் ஏற்றி அனுப்பக்கூடிய ஒன்று. காத்திருப்பைப் பற்றி எழுதுகிறவருக்கு இது பெரிய சொத்து. 'அவள் குயில்' என்பதைவிட 'அவளுக்கு ஒரு குயில் தேவைப்பட்டது' என்று எழுதினால் வாக்கியம் எங்கே போகிறது பாருங்கள்.

காலம் மூன்றாவது. சித்திரையும் வைகாசியும் இளவேனில். பொருள் தேடப் போன தலைவன் இளவேனிலில் திரும்புவதாகச் சொல்லிப் போயிருப்பான். குயில் கூவிவிடும், அவன் வந்திருக்கமாட்டான். ஐங்குறுநூற்றின் இளவேனிற்பத்து இந்த ஏமாற்றத்தைப் 'அவரோ வாரார், தான்வந்தன்றே' என்று பாட்டுக்குப் பாட்டு சொல்லிச் சொல்லி மாய்கிறது: அவர் வரவில்லை, பருவம்தான் வந்தது. அங்கே குயிலின் குரல் எவ்வளவு இனிமையாக இருக்கிறதோ அவ்வளவு வலிக்கிறது. குயிலை மகிழ்ச்சிக்கு மட்டுமே வைத்திருப்பவர்கள் இந்தப் பத்துப் பாட்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாளின் பொழுதையும் அது சொல்லும். மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியில் 'கூவின பூங்குயில், கூவின கோழி' என்று வருவது விடிந்துவிட்டதற்கான சாட்சி.

மறைவு நான்காவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதிகம் பயன்படாமல் கிடப்பதும் இதுதான். வானொலிக் குரல், பின்னணிப் பாடகர், திரைக்குப் பின்னால் நின்று இன்னொருவருக்காகப் பேசுகிற டப்பிங் கலைஞர், பக்கத்து வீட்டிலிருந்து தினமும் கேட்கும் பெயர் தெரியாத ஒருவரின் பாட்டுச் சாதகம் என்று முகம் தெரியாமல் குரல் மட்டும் வருகிற எல்லா இடத்திலும் குயில் கச்சிதமாகப் பொருந்தும். பின்னணிப் பாடகிகளுக்கு இந்தப் பட்டம் இவ்வளவு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காக்கைக் கூட்டைக் கவனமாகக் கையாளுங்கள். 'காக்கைக் கூட்டில் குயில் முட்டை' என்று சொன்னால் ஏமாற்றி நுழைந்த ஒருவரைச் சொல்கிறோம். ஒரு நிறுவனத்துக்குள், ஒரு கட்சிக்குள், தன் ஆள் போலவே இருந்து பிறகு வேறு குரலில் பேசுகிறவருக்கு இது சரியாக வரும். ஆனால் தத்தெடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுதும்போது இந்தப் பக்கம் போகவே கூடாது. புகழ்கிற எண்ணத்தோடு எழுதினாலும் அது வளர்த்தவர்களைக் காகமாக்கும், பிள்ளையை அயலாக்கும்.

நிறத்துக்கும் அதே எச்சரிக்கை. 'காகமும் கறுப்பு, குயிலும் கறுப்பு, வாயைத் திறந்தால் தெரியும்' என்பது பழைய பேச்சு. வெளித்தோற்றத்தை வைத்து எடைபோடாதே என்பதுதான் அதன் கருத்து. அதைப் போய் 'நிறம் கறுப்பானாலும் குரலில் குயில்' என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் அந்த 'ஆனாலும்' முள்ளாகக் குத்தும். கருங்குயில் என்று நிமிர்ந்து எழுதுங்கள், அழகாக இருக்கும். மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுவதாக இருந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

வினைச்சொல்லைச் சரிபாருங்கள்

காகம் கரையும், மயில் அகவும், கிளி கொஞ்சும், ஆந்தை அலறும், கூகை குழறும், புறா குனுகும், கோழி கொக்கரிக்கும். குயில் கூவும். மரபு இப்படி இருந்தாலும் கல்லில் எழுதியதில்லை. மேலே சொன்ன இளவேனிற்பத்தின் முதல் பாட்டிலேயே குயிற்பெடை 'அகவ' என்றுதான் இருக்கிறது. மயிலுக்கென்று நாம் ஒதுக்கிய வினை அது. எனவே கவிஞர் மாற்றி எழுதியிருந்தால் பிழை என்று பாயாதீர்கள். நீங்கள் எழுதும்போது மட்டும், காரணம் இல்லாமல் மாற்றாதீர்கள்.

கூவுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. சேவலும் கூவும், தெருவில் காய்கறி விற்பவரும் கூவுவார். போதாததற்கு இன்றைய பேச்சில் 'அவருக்காகக் கூவுகிறார்' என்றால் கூலிக்கோ விசுவாசத்துக்கோ ஒருவருக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று பொருள். ஆகவே 'இசைக்குயில் மேடையில் கூவினார்' என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். பறவை என்றால் கூவட்டும், மனிதர் என்றால் 'பாடினார்' என்றே இருக்கட்டும்.

அடைமொழியும் தொகையும்

பூங்குயில், இளங்குயில், கருங்குயில், மாங்குயில் எல்லாம் பாட்டில் தாராளமாக வரும். இவற்றில் மாங்குயில் ஒரு பொறி. பாட்டில் அது மாமரத்துக் குயில். பறவை நோக்குவோரின் வழக்கில் மாங்குயில் என்பது மஞ்சள் உடம்பும் கறுப்புச் சிறகும் கொண்ட வேறொரு பறவை, மாம்பழக்குருவி என்றும் சொல்வார்கள். அது குயில் குடும்பமே இல்லை. இயற்கைக் கட்டுரை எழுதுகிறவர் இதைக் குழப்பினால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் வேறு. இவை குயில் குடும்பத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் நம் பாட்டுக் குயில் அல்ல.

பெண்பறவைக்குப் பெடை, பேடை, பேடு என்ற சொற்கள் இருக்கின்றன: குயிற்பேடு, குயிற்பெடை. ஆணுக்கு? தொல்காப்பிய மரபியலின்படி மயில் நீங்கலாகச் சிறகுள்ள ஆண்பறவை எல்லாமே சேவல்தான். எனவே குயிற்சேவல் என்பது முறையான சொல். இன்று அப்படி எழுதினால் வாசகர் கோழியை நினைப்பார் என்பதால் ஆண்குயில் என்று எழுதுவதே நல்லது. லகரம் றகரமாவதையும் பாருங்கள்: குயில் + பத்து குயிற்பத்து, குயில் + பேடு குயிற்பேடு. இன்றைய உரைநடையில் 'குயில் பாட்டு' என்று பிரித்து எழுதினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

திணை

செய்தி எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். 'பாவை வந்தாள்' என்பதில் பாவை ஒரு பெண்ணைக் குறிப்பது போல, 'இசைக்குயில் வந்தார்' என்பதில் குயில் ஒரு மனிதரைக் குறிக்கிறது. இலக்கணத்தில் இதற்கு உவமையாகுபெயர் என்று பெயர். பெயர் பறவையுடையது, வினைமுற்று மனிதருடையது. 'இசைக்குயில் விருது பெற்றது' என்று எழுதினால் விருது பெற்றவரை அஃறிணையாக்கிவிட்டீர்கள். இரங்கல் தலைப்பில் 'குயில் பறந்தது' என்று முழுக்கப் பறவையாகவே நிறுத்தி எழுதுவது வேறு, அங்கே உருவகம் கடைசிவரை போகிறது. பாதி பறவை, பாதி மனிதர் என்று ஒரே வாக்கியத்தில் மாறக்கூடாது.

பெண் மட்டுமா குயில்?

உண்மையில் நீட்டிக் கூவுவது ஆண், நம் இலக்கியத்தில் கூவுவது பெரும்பாலும் பெண். ஐங்குறுநூற்றுப் பெடை முதல் பாரதியின் குயில் பாட்டில் வரும் குயில் வரை இந்த மரபு நீள்கிறது. இதைத் திருத்த வேண்டியதில்லை, இலக்கியக் குயில் தனி உயிர். ஆனால் பறவையைப் பற்றிய கட்டுரையில் 'பெண்குயிலின் இன்னிசை' என்று எழுதினால் அது தவறான தகவல். அப்புறம், பாடுகிற ஆண்களுக்கு இந்தப் பட்டம் ஏனோ கிடைப்பதேயில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம்கூட 'பாடும் நிலா' ஆனாரே தவிரக் குயில் ஆகவில்லை. ஓர் ஆண் பாடகரைக் குயில் என்று எழுதிப் பாருங்கள். பறவையும் உங்கள் பக்கம்தான் நிற்கும், வாசகருக்கும் புதிதாக இருக்கும்.

குயில் வேண்டாத இடத்தில் வேறு பறவை

சொன்னதையே சொல்பவர் கிளிப்பிள்ளை. கூண்டுக்குள் இருந்துகொண்டு பேசுபவரும் கிளிதான். ஓரிடத்தில் நிற்காமல், பறந்துகொண்டே, திறந்த வெளியில் பாடுவது வானம்பாடி. 1970களில் கோவையிலிருந்து எழுந்த புதுக்கவிதைக்காரர்கள் தங்கள் இதழுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மறைந்திருந்து கூவுகிற குயிலைவிட வெளிப்படையாகக் குரல் கொடுக்கும் வானம்பாடி அவர்களுக்குப் பொருத்தமாக இருந்திருக்க வேண்டும். பூவை என்பது நாகணவாய், அதாவது மைனா. பெண்ணுக்கும் அதே சொல். குருவி என்றால் எளியது, சின்னது. இன்றைய பேச்சில் விமானத்தில் அடுத்தவர் சரக்கை மறைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரும் குருவிதான். அந்தக் குருவிக்குப் பாட்டோடு சம்பந்தமில்லை.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நைட்டிங்கேல் என்று வந்தால் பட்டமாக இருக்கும்போது குயில் என்றே போடுங்கள், அதுதான் நம்மிடம் வேரூன்றிய இணை. கதைக்குள் உண்மையான பறவையாக வந்தால் நைட்டிங்கேல் என்றே விடுங்கள். ஐரோப்பியத் தோட்டத்தில் இரவில் பாடும் ஒரு சின்னப் பழுப்புப் பறவையைக் குயிலாக்கினால் படிக்கிறவர் கறுப்புப் பறவையையும் மாமரத்தையும் பார்ப்பார். காவல் நிலையத்தில் ஒருவன் கேனரிபோலப் பாடினான் என்று வந்தால் அங்கே பறவையே வேண்டாம், 'எல்லாவற்றையும் கக்கிவிட்டான்' என்றால் முடிந்தது.

எழுதிப் பாருங்கள்

இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

'குயில் போன்ற குரல் கொண்ட அவர் மேடையில் குயிலாகப் பாடினார். அவரது குயிலிசையில் அரங்கமே மயங்கியது.'

மூன்று குயில், மூன்றும் ஒரே குணம். இப்போது மறைவை எடுத்துக்கொண்டு எழுதலாம்:

'மின்சாரம் போனது. ஒலிபெருக்கி நின்றது, பாட்டு நிற்கவில்லை. மேடை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத இருட்டில் குயில் மட்டும் இருந்தது.'

இதில் இனிமை என்ற சொல்லே இல்லை. தேவைப்படவும் இல்லை. இதே சொல்லைக் காலத்தின் பக்கம் திருப்பினால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அம்மா எழுதும் கடிதம் ஆகும்: 'சித்திரை பிறந்து குயிலும் கூவியாயிற்று. நீ சொன்ன விடுமுறை எப்போதப்பா?' அந்த அம்மா ஐங்குறுநூறு படித்திருக்க வேண்டியதில்லை, அவள் வீட்டு வேப்பமரத்தில் குயில் வந்தால் போதும்.

உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, குயில் வருகிற இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் குரலா, அழைப்பா, காலமா, மறைவா, கூடா, நிறமா என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். எழுத வராத இடத்தில் குயிலை எடுத்துவிட்டுப் 'பாடினார்' என்று மட்டும் விடுங்கள்.